கேடய அலமாரியில் ஒரு கடவுச்சொல்

முப்பது ஆண்டுகள் பல் மருத்துவராக இருந்து, ஊரையே வாய் திறக்க வைத்து, ஒருவரையும் பதில் பேச விடாத பெருமைக்குரிய எங்கள் தலைவர் ஐயா அவர்களே! அந்தத் தலைவருக்கே பதில் பேசும் தகுதி பெற்ற ஒரே பெருந்தகை, தலைவர் வீட்டம்மா அவர்களே! எழுதுபொருள் கடை வைத்திருந்தும் முற்றுப்புள்ளியை மட்டும் கையிருப்பில் வைத்துக்கொள்ளாத துணைத் தலைவர் அவர்களே! செயலாளர் அவர்களே, செயற்குழுச் செம்மல்களே! பக்கத்துப் பகுதிகளில் இருந்து பேனாவும் நோட்டுமாக வந்து முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் சகோதர நிலையங்களின் பொறுப்பாளர்களே! சக்கர நாற்காலியில் வந்திருக்கும் சான்றோர்களே! அவர்களைச் சலிக்காமல் தள்ளிவந்த தாய்மார்களே! தேநீர் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களே! கடைசியாக, கதவோரத்தில், காதில் பென்சிலோடு நின்றுகொண்டிருக்கும் கண்டக்டர் அண்ணன் அவர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உள்ளங்கனிந்த வணக்கம்.

பேசத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் இருந்து 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வருகிறதே, கேட்கிறதா? ஒலிபெருக்கிக்காரர் இரண்டு முறை கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டார். ஐயா, அது உங்கள் ஒலிபெருக்கியின் குறையும் அல்ல, மின்விசிறியின் முனகலும் அல்ல. தயவுசெய்து யாரும் அதை அணைத்துவிடாதீர்கள். அது என்ன என்பதை என் பேச்சின் முடிவில் சொல்கிறேன். முடிவு எப்போது என்கிறீர்களா? துணைத் தலைவருக்குப் பிறகு பேசுகிறவளுக்கு அந்தக் கவலையே கிடையாது. நான் எப்போது முடித்தாலும் உங்களுக்கு அது சீக்கிரம்தான்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'தரவுத்தளச் சர்வரை நிறுவுவது எப்படி?' இந்தத் தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். தூங்குங்கள், தவறில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது கம்பியும் கணினியும் பற்றிய கதையாகத் தொடங்கும்; கணினியோடு முடியாது. சகோதர நிலையத்தார் அத்தனை பேரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: 'நீங்கள் செய்தது போலவே நாங்களும் செய்யலாமா?' செய்யுங்கள். ஆனால் நான் முதலில் செய்தது போலச் செய்யாதீர்கள். ஏனென்றால், உங்கள் முன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நிபுணர் அல்ல, குற்றவாளி. கைதட்டாதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 'கேபிள் அக்கா' என்று கேட்டால் வழி சொல்வார்கள். இந்த இரவல் நிலையம் என்ன செய்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். நோயாளிகளுக்கு வேண்டிய சக்கர நாற்காலி, ஊன்றுகோல், தலைப்பக்கம் உயரும் கட்டில், மூச்சுக்கு உதவும் ஆக்ஸிஜன் எந்திரம், எதுவானாலும் இரவலாகக் கொடுக்கும். தேவை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். கொடுப்பதும் வாங்குவதும் யார்? கண்டக்டர் அண்ணன். இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்தில் சீட்டுக் கிழித்தவர், ஓய்வு பெற்றதும் இங்கே வந்து பொருள்களைப் பயணிகளாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. இந்தப் 'பதவியும் இல்லை' என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர் வேண்டும் என்று முதலில் கேட்டவரும் அவர்தான். ஒரே சக்கர நாற்காலியை இரண்டு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்ற நாளில், நேரே என் கடை மாடியேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து சொன்னார்: "தங்கச்சி, என் தலை ஒரு பஸ்ஸு மாதிரி. அறுபது பேரு வரைக்கும் நின்னுட்டாவது வருவாங்க. இப்ப இருநூறு பொருளு. யாரு ஏறினா, யாரு எறங்கினான்னு எனக்கே தெரியல. ஏதாவது பண்ணு."

பண்ணினேன். கிளினிக் ஒன்றில் கழித்துக் கட்டிய கணினியைத் தலைவர் ஐயா வாங்கித் தந்தார். தூசு தட்டினேன், விசிறி மாற்றினேன், நினைவகம் கூட்டினேன். இலவசமாகக் கிடைக்கும், யானைப் படம் போட்ட தரவுத்தள மென்பொருளை இறக்கி நிறுவினேன். எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? பத்து நிமிடம்! சகோதர நிலையத்தாரே, 'நிறுவுதல் பத்து நிமிடம்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழேயே, 'அமைத்தல் பத்து நாள்' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். புது வீட்டுக்குச் சாமான் இறக்குவது ஒரு பொழுதில் முடிந்துவிடும். எந்தச் சாமான் எங்கே, எந்தச் சாவி யாரிடம் என்று முடிவு செய்வதில்தானே குடும்பமே இரண்டு படும்?

தரவுத்தளம் என்றால் பயப்படாதீர்கள். மூன்று நோட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆள்கள், ஆளுக்கு ஓர் எண். இன்னொன்றில் பொருள்கள், பொருளுக்கு ஓர் எண். மூன்றாவதில் எந்த எண் ஆளிடம் எந்த எண் பொருள் போயிருக்கிறது, திரும்பியதா இல்லையா. அவ்வளவுதான். மூன்றும் ஒன்றோடொன்று உறவு கொண்டவை. அவற்றைக் காத்துவைத்து, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் கணினிதான் சர்வர். முதல் நோட்டில் பெயர் இல்லாதவருக்கு மூன்றாம் நோட்டில் பொருள் எழுதப் போனால், சர்வர் மாட்டேன் என்று சொல்லிவிடும். கெஞ்சினாலும் கேட்காது, கோபித்தாலும் கேட்காது, 'நான் யார் தெரியுமா?' என்று அதட்டினாலும் கேட்காது.

இந்தச் சர்வர் முதலில் என்னையே அழவைத்தது. உள்ளறையில் சர்வரின் முன் உட்கார்ந்து கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். முன்னறையில் அண்ணனின் மேசைக் கணினியில் இருந்து கேட்டால் வாயே திறக்காது. கம்பியை மாற்றினேன், இணைப்புப் பெட்டியை மாற்றினேன், அரை நாள் தரையில் தவழ்ந்தேன். பார்த்துக்கொண்டே இருந்த அண்ணன் மெதுவாகக் கேட்டார், அது யார் பேச்சைக் கேட்கும் என்று. அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே ஒரு வரி: 'என் கணினியில் இருந்து வரும் பேச்சை மட்டுமே கேட்பேன்'. புதிதாக நிறுவிய சர்வர் பாதுகாப்புக்காக அப்படித்தான் இருக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். தன் பேச்சைத் தானே கேட்டுத் தானே தலையாட்டிக்கொள்ளும் வழக்கம் மேடைப் பேச்சாளர்களுக்கு மட்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்? துணைத் தலைவர் அவர்கள் ஏன் என்னை முறைக்கிறார்? நான் என்னைத்தான் சொன்னேன், ஐயா.

அந்த வரியை மாற்றி, நிலையத்தின் கணினிகளுக்கு மட்டும் கதவைத் திறந்தேன். எல்லாம் ஓடியது. இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தோம். அண்ணன் தட்டினார், நாற்காலி போனது. தட்டினார், நாற்காலி வந்தது. ஆனால் அந்த ஒத்திகை முழுக்க யாருடைய கணக்கில் நடந்தது? என் கணக்கில்! எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்கில்! அதில் எது செய்தாலும் நடக்கத்தானே செய்யும்? என் தொழிலில் உள்ளவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்து வந்தது செயற்குழுக் கூட்டம். பொருள்: யாருக்கு என்ன அனுமதி? சர்வரில் அனுமதி பல வகை. ஒருவர் பார்க்கலாம், ஒருவர் எழுதலாம், ஒருவர் அழிக்கலாம், ஒருவர் எல்லாமே செய்யலாம். அதை வெள்ளைப் பலகையில் நான் எழுதிய மறுகணம், கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. அனுமதி அட்டவணை அவர்கள் கண்ணுக்கு மேடையில் நாற்காலி போடும் வரிசையாகத் தெரிந்தது! எல்லாம் செய்யும் அனுமதி தலைவருக்குத்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. தமக்கும் அதே வேண்டும் என்று துணைத் தலைவர் கேட்டார். இருவருக்கும் ஒன்றென்றால் தலைவருக்கு என்ன மதிப்பு என்று செயலாளர் கேட்டார். மூன்று மணி நேரம் மோதிப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். எழுதுவது தலைவர் மட்டும். குழு உறுப்பினர் அனைவரும் எல்லாவற்றையும் பார்க்கலாம். கண்டக்டர் அண்ணன் குழுவிலேயே இல்லையே? சரி, பாவம், அவரும் பொருள் பட்டியலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

தலைவர் இதுவரை ஒரு விசைப்பலகையையும் தொட்டதில்லை. அண்ணன் நாளைக்கு நாற்பது முறை தட்ட வேண்டியவர். இது தவறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சம்பளம் வாங்கும் இடத்தில் இப்படிச் செய்திருந்தால் என்னை அன்றே வாசலோடு அனுப்பியிருப்பார்கள். பிறகு ஏன் வாய் மூடி இருந்தேன்? பெரியவர்கள் கூடிப் பேசி, பெருமையோடு முடித்து, என்னைப் பார்த்து 'எவ்வளவு அழகா விளக்கினே' என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். நான் குற்றவாளி என்று சொன்னது இதற்காகத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இதே மேடை, இதே மைக். தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லை, இருபத்து நான்கு எழுத்தில், என்னாலேயே நினைவு வைக்க முடியாதபடி உருவாக்கி, உறையில் இட்டு, முத்திரை ஒட்டி, பலத்த கைதட்டலுக்கு நடுவே தலைவர் கையில் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? 'இன்று முதல் என் கணக்கையும் நீக்கிவிட்டேன், இனி எல்லாம் உங்கள் கையில்' என்று துறவி போல வசனம் வேறு பேசினேன். சர்வர் அறைச் சாவியையும் அவரிடமே கொடுத்தோம். துணைத் தலைவர் தம் பங்குக்கு மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினார்: 'நாளை முதல் எங்கள் சர்வர் அச்சிடும் எண்ணிட்ட சீட்டு இல்லாமல் எந்தப் பொருளையும் ஏற்க வேண்டாம்.' ஆறு பக்கம். அதில் இந்த ஒரு வரியை மட்டும் மருத்துவமனை கவனமாகப் படித்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்தே முக்காலுக்கு அண்ணனிடம் இருந்து போன். குரலில் வழக்கமான கேலி இல்லை.

தச்சரை உங்களுக்குத் தெரியும், நிலையத்து அலமாரிகளெல்லாம் அவர் செய்தவை. அவர் மனைவி நுரையீரல் நோயோடு நாற்பத்தொரு நாள் மருத்துவமனையில் இருந்தார். அன்று வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்திருந்தார்கள், ஒரே நிபந்தனையோடு. ஆக்ஸிஜன் எந்திரம் கையில் இருக்க வேண்டும், நம் நிலையத்துச் சீட்டோடு இருக்க வேண்டும். ஏழாம் எண் எந்திரம் அன்று காலையில்தான் இன்னொரு வீட்டில் இருந்து திரும்பி வந்தது. அண்ணன் துடைத்து, சோதித்து, மேசைமேல் வைத்துவிட்டு, 'திரும்பியது' என்று பதிவு செய்யத் தட்டினார். திரையில் வந்தது: 'அனுமதி மறுக்கப்பட்டது'. மறுபடி தட்டினார். மறுபடி மறுக்கப்பட்டது. பதிவில் அது இன்னும் பழைய வீட்டில் இருக்கிறது. இங்கே இல்லாத பொருளுக்குச் சர்வர் எப்படிச் சீட்டு அச்சிடும்? எந்திரம் கண் முன்னே இருந்தது, சீட்டுத்தான் இல்லை.

மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும் பிரிவு சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடும். பிறகு திங்கட்கிழமைதான். இரண்டு நாள்தானே என்று நானும் போனில் சொல்லிவிட்டேன். அண்ணன் சொன்னார்: "அந்தம்மா காலையில ஏழு மணிக்கே சொந்தப் புடவை கட்டிக்கிட்டு, வார்டு பூரா சொல்லிக்கிட்டு, கட்டில் ஓரத்துல உக்காந்திருக்காங்களாம். பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்கும் போன வாரம் 'இன்னும் ரெண்டே நாள்'னுதான் சொன்னாங்களாம். அவங்க வீட்டுக்குப் போகவே இல்ல தங்கச்சி."

நான் செருப்பைத் தேடினேனா, செருப்பில்லாமல் ஓடினேனா, நினைவில்லை.

தலைவருக்குப் போன் செய்தேன். அணைக்கப்பட்டிருந்தது. மகள் வீட்டுக்குப் போவதற்காகக் காலையில்தான் விமானம் ஏறியிருந்தார், இறங்க ஐந்து மணி நேரம் ஆகும். சர்வர் அறைக்குள் நுழைந்துவிட்டால் நேரே அதன் முன் உட்கார்ந்து சரிசெய்துவிடுவேன். பூட்டின் சாவி? தலைவரிடம். அவர் வீட்டுக்குப் போய் மணியடித்தேன். வீட்டம்மா கதவைத் திறந்தார். மூச்சு முட்ட விஷயத்தைச் சொன்னேன். சாவியை ஐயா தன் கைப்பையில் கொண்டுபோய்விட்டார் என்றார். உறை? வெள்ளை உறை, முத்திரை ஒட்டியது? அம்மா வரவேற்பறையைக் காட்டினார். அங்கே கண்ணாடி அலமாரி. அதற்குள் பல் மருத்துவர் சங்கம் தந்த கேடயம், ரத்ததானக் கேடயம், நடைப்பயிற்சிக் கழகக் கேடயம். அவற்றுக்கு நடுவே, நிமிர்ந்து சாய்த்து வைத்த நிலையில், முத்திரை பிரிக்கப்படாமல், என் கடவுச்சொல்!

சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார், நல்லது. அவர்மேல் என்ன தவறு? கைதட்டலோடு கொடுத்தால் அதைப் பரிசு என்றுதானே நினைப்பார்கள்? பரிசை யார் பிரித்துப் பயன்படுத்துவார்கள்? நான்தான் ஒரு வேலைக் கருவியை விருதாக்கிக் கொடுத்தவள்.

அம்மா அலமாரியைத் திறந்து உறையை எடுத்தார். கை நீட்டினேன். கொடுக்கவில்லை. "அவருக்குக் குடுத்தது. உன் கையில குடுக்க மாட்டேன். நானே எடுத்துட்டு வரேன், நட," என்றார். டாக்ஸியில் ஏறினோம். வழியெல்லாம் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நிலையத்தில் இருந்தோம். அங்கே தச்சர், எந்திரத்தின் கைப்பிடியில் கை வைத்தபடி, நின்றுகொண்டே இருந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா முத்திரையைப் பிரித்தார். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டக் காட்ட, அண்ணனின் மேசைக் கணினியில் நான் தட்டினேன். கணக்கு திறந்தது. ஏழாம் எண்ணைத் தேடி நானே 'திரும்பியது' என்று மாற்றக் கை ஓங்கிய நேரத்தில், அம்மா என் தோளைத் தொட்டார். "இந்த மிஷினைக் காலையில வாங்கி வெச்சது யாரு?" அண்ணன் என்றேன். "இப்பக் குடுக்கப் போறது?" அண்ணன்தான் என்றேன். "அப்ப எங்க வீட்டுக்காரருக்கு எதுக்கும்மா சாவி?"

சபையோரே! எத்தனை பாடப் புத்தகம் படித்தேன், எத்தனை தேர்வு எழுதினேன், எத்தனை சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன்! எல்லாம் சொல்லித் தந்த அதே ஒன்றை, கணினியே தொடாத ஒருவர், கையில் கிழிந்த உறையோடு நின்று கேட்டுவிட்டார். நான் ஏழாம் எண்ணைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கட்டளை எழுதினேன். 'இரவல் அட்டவணையில் எழுதும் உரிமையைக் கண்டக்டர் கணக்குக்குக் கொடு.' கட்டளையின் முடிவில் ஓர் அரைப்புள்ளி போட வேண்டும், அதுவும் போட்டேன். எழுந்து நாற்காலியை அண்ணனிடம் தள்ளினேன்.

அவர் உட்கார்ந்தார். காதுப் பென்சிலைச் சரிசெய்துகொண்டார். ஒற்றை விரலால் தட்டினார். திரை ஒப்புக்கொண்டது. அச்சு எந்திரம் கிர்ரென்று ஓடி, முதல் சீட்டைத் துப்பியது. இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கம், விடுமா? அதை ஓரமாகக் கிழித்து, தச்சரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "ஏறிக்கோ, ரைட்," என்றார். தச்சர் அப்போதுதான் அழுதார். நாங்கள் வந்த அதே டாக்ஸி, எந்திரத்தோடும் அவரோடும் மருத்துவமனைக்குப் பறந்தது. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சீட்டு அந்தப் பிரிவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மணிக்கு அந்தம்மா தன் வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் தலைவர் விமானத்தில் இருந்து இறங்கிப் பேசினார். வீட்டம்மா எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒப்பித்திருந்தார். முத்திரையைப் பிரித்ததைக் கேட்பாரா, முறையைக் கேட்பாரா? அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா?" போய்விட்டார்கள் என்றேன். வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்துத் திரும்பியவர், அவசரமாகக் குழுவைக் கூட்டினார். எழுந்து நின்று சொன்னார். ஐயா, நான் சொல்லலாம்தானே? சொல் என்று கை காட்டுகிறார். "என் கிளினிக்ல மருந்து அலமாரிச் சாவி நர்ஸம்மாகிட்டதான் இருக்கும். டாக்டர் நான்தான், ஆனா எடுக்கிறது அவங்க. முப்பது வருஷத்துல ஒரு நாளும் அது எனக்கு மரியாதைக் குறைச்சலாத் தோணல. இங்க வந்து உக்காந்ததும் ஏன் தோணுச்சுன்னு எனக்கே வெக்கமா இருக்கு. பட்டியலப் பாத்து, ஏதாவது குறைஞ்சா கேக்கறதுதான் இங்க என் வேலை. அதுக்குப் பாக்குற அனுமதி போதும்மா. மிச்சத்த எடுத்துடு."

அங்கேயே, அவர் கண் முன்னேயே எடுத்தேன். எழுதும் உரிமை கேட்டு வாதாடிய துணைத் தலைவரும் எழுந்தார். தமக்கும் பார்க்கும் அனுமதியே போதும் என்று, நாற்பது நிமிடம் பேசினார். இன்று தலைமைக் கடவுச்சொல் எங்கே? நிலையத்திலேயே, இருவர் சேர்ந்தால் மட்டும் திறக்கும் பெட்டியில், அவசரத்துக்கு மட்டும். பதிவுகளுக்குத் தினந்தோறும் எடுக்கும் நகல் தனியாக வேறு கட்டடத்தில். மாதம் ஒருமுறை அந்த நகலில் இருந்து மீட்டும் பார்க்கிறோம், அண்ணனின் கணக்கில், அண்ணனின் மேசையில். கேடய அலமாரியில் இப்போது கேடயம் மட்டும்தான் இருக்கிறது.

சகோதர நிலையத்தாரே, இப்போது பேனாவை எடுங்கள். மேடையேறியதும் வணக்கம் சொன்னேனே, யாரை முதலில் சொன்னேன்? தலைவரை. யாரைக் கடைசியில் சொன்னேன்? கதவோரம் நிற்கும் கண்டக்டர் அண்ணனை. வணக்கத்துக்கு அந்த வரிசை சரி. சபைக்கு அது அழகு. ஆனால் சர்வருக்கு அந்த வரிசை ஆகாது! அங்கே யார் பெரியவர் என்று கேட்காதீர்கள், யார் தூக்கிக் கொடுக்கிறார் என்று கேளுங்கள். யார் மேடையில் அமர்கிறார் என்று கேட்காதீர்கள், யார் மேசையில் அமர்கிறார் என்று கேளுங்கள். யாருக்கு என்ன பதவி என்று கேட்காதீர்கள், யாருக்கு என்ன வேலை என்று கேளுங்கள். வேலை செய்யும் கைக்கு அனுமதி இல்லாத இடத்தில், எத்தனை நல்ல மனம் கூடி என்ன, எத்தனை நல்ல எந்திரம் வாங்கி என்ன? கட்டில் ஓரத்தில் சொந்தப் புடவை கட்டிக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார், நம் மரியாதை வரிசை முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டுமா?

நன்றி, இந்தக் கைதட்டலை அண்ணன் பக்கம் திருப்பிவிடுகிறேன். நிறுத்துங்கள், நிறுத்துங்கள், ஒரு கணம். இப்போது அந்த ரீங்காரம் கேட்கிறதா? மூன்றாவது வரிசை, ஓர இருக்கை, நீலப் புடவை. பக்கத்தில் தச்சர். அந்தம்மாவின் காலடியில் கைப்பெட்டி அளவில் ஒன்று இருக்கிறதே, அதுதான் ஏழாம் எண்.

கூட்டம் தொடங்கும் முன் அந்தம்மா என்னை அழைத்துக் காதில் சொன்னார். டாக்டர் போன வாரமே இனித் தேவையில்லை என்றுவிட்டாராம். எட்டு மாதம் பழகின சத்தம், அது இல்லாமல் உட்காரப் பயமாக இருக்கிறதாம். "உங்க பேச்சு முடியறதுக்குள்ள தைரியம் வந்துடும், அப்ப நிறுத்திக் குடுத்துடறேன்," என்றார். அதனால்தான் இவ்வளவு நேரம் பேசினேன், இல்லாவிட்டால் நான் சுருக்கமாகப் பேசுகிறவள்.

அம்மா, தைரியம் வந்துவிட்டதா? தலையாட்டுகிறார். அண்ணே, கதவோரத்தில் நின்றது போதும், மேடைக்கு வாருங்கள். உங்கள் கணினி இங்கே இருக்கிறது, திரை சுவரில் இருக்கிறது. தலைவர் ஐயா எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தருகிறார், பாருங்கள். அம்மா, இனி நீங்கள்.

நின்றுவிட்டது. கேளுங்கள், ஒரு சத்தமும் இல்லை. அந்தம்மா மூச்சு விடுகிறார், அது நமக்குக் கேட்கவில்லை.

தச்சர் பெட்டியைத் தூக்கி வருகிறார். அண்ணன் வாங்கிக்கொண்டார். ஒற்றை விரல் இறங்குகிறது. சுவரைப் பாருங்கள், சபையோரே: 'எண் ஏழு. திரும்பியது.' எட்டு மாதங்களுக்கு முன் மறுக்கப்பட்ட அதே வரி! அதற்குக் கீழே அடுத்த பெயர் காத்திருக்கிறது. அந்தப் பெயருக்குரியவரின் மகள் பின்வரிசையில் பையோடு நிற்கிறார். அண்ணன் சீட்டைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார், இனி என் பேச்சுக்கு இங்கே வேலை இல்லை.

கதவோரம் நின்ற கண்டக்டர் அண்ணனுக்கு முதல் நன்றி. தைரியம் வந்த அம்மாவுக்கும், நின்றுகொண்டே காத்திருந்த தச்சருக்கும், உறையைப் பிரித்த வீட்டம்மாவுக்கும், நாற்காலியை விட்டெழுந்த தலைவர் ஐயாவுக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, தேநீர் வந்துவிட்டது என்ற நற்செய்தியையும் அறிவித்து, விடைபெறுகிறேன். வணக்கம்.